நொன்ஸ்டிக் தாச்சி: எதை வாங்குவது, எந்த நெருப்பில் வைப்பது

கேள்வி, 20.01.2024

அக்கா, வவுனியாக் கடைகளில் கிரனைட், மாபிள், செராமிக் என்று விதம் விதமாகத் தாச்சி அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெயர்தான் வேறு, எதை வாங்கினாலும் ஆறு மாதம்தான் என்று மாமி சொல்கிறா. உண்மையா? நான் செய்வது தோசை, முட்டைப்பொரியல், மீன். கேஸ் அடுப்பும் உண்டு, விறகடுப்பும் உண்டு. மல்லாவியிலிருந்து எழுதுகிறேன்.

20.01.2024, இரவு

மாமி சொன்னதில் பாதி சரி, தங்கச்சி. ஆறு மாதத்தில் கைவிட்ட தாச்சி எங்கள் குசினிச் சுவரிலும் தொங்குகிறது. ஆனால் எல்லாம் ஒன்றுதான் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என்னிடம் இப்போது மூன்று இருக்கின்றன. சந்தையில் வாங்கிய மெல்லிய கறுப்புத் தாச்சி ஒன்று, 26 செ.மீ. ஹோக்கின்ஸ் கம்பனியின் ஃபியூச்சுரா ஒன்று, 25 செ.மீ. வெள்ளைச் செராமிக் ஒன்று, போன மாதம் மச்சாள் கனடாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. இவை போக அம்மம்மாவின் இரும்புத் தோசைக்கல். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பெயர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கடையில் இருக்கும் மேற்பூச்சு இரண்டே வகைதான். டெஃப்லோன் என்று நாங்கள் சொல்லும் பி.டி.எஃப்.ஈ. ஒன்று. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட செராமிக் மற்றது. கிரனைட் என்றால் கல்லுத்தூள் கலந்தது, அதனால் கீறல் விழாது. முட்டைக்கும் மீனுக்கும் அதையே வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

24.01.2024

மேலே கிரனைட் பற்றி எழுதியதை நம்ப வேண்டாம். கடைக்காரர் சொன்னதைத்தான் அப்படியே எழுதிவிட்டேன். நேற்றுக் கடையில் நான்கு பெட்டிகளைத் திருப்பி, பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வாசித்தேன். மூன்றில் இருப்பது அலுமினியமும் பி.டி.எஃப்.ஈ. பூச்சும்தான். நான்காவதில் ஒன்றுமே எழுதவில்லை. மேலே தெரியும் வெள்ளைப் புள்ளி பூச்சிலேயே தெளித்த நிறம். சிலவற்றில் பூச்சை உறுதியாக்கக் கொஞ்சம் கனிமத்துகள் சேர்ப்பார்கள். ஆனால் தாச்சி கல்லால் செய்ததும் இல்லை, இரும்புக் கரண்டியைத் தாங்கப் போவதும் இல்லை. மாபிளும் இதே கதைதான்.

ஆகவே கிரனைட்டா டெஃப்லோனா என்று கேட்பதில் பொருள் இல்லை. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பூச்சு எது, தகடு எத்தனை மில்லிமீற்றர் என்ற இரண்டும் எழுதியிருந்தால் அந்தக் கம்பனி மறைக்காமல் பேசுகிறது என்று எடுத்துக்கொள்வேன்.

02.02.2024

தகட்டின் கனம். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மெல்லியதையும் ஃபியூச்சுராவையும் மூலைக்கடைத் தராசில் நிறுத்தேன். மெல்லியது 530 கிராம், மற்றது 820 கிராம். அகலம் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபியூச்சுரா பெட்டியில் 3.25 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். மெல்லியதன் பெட்டியில் அந்தக் கணக்கே இல்லை.

பிறகு ஒரே அடுப்பில், ஒரே தீயில், இரண்டிலும் ஒவ்வொரு முட்டை உடைத்து ஊற்றினேன். மெல்லியதில், கேஸ் நெருப்பு வளையமாக எரியும் இடத்துக்கு நேர்மேலே முட்டையில் பழுப்பு வளையம் விழுந்தது, ஒரு வளையலைச் சூடாக்கி அழுத்தியது போல. அந்த வளையத்துக்கு வெளியே வெள்ளைக்கரு இன்னும் நீராகவே கிடந்தது. கனமானதில் முட்டை முழுவதும் ஒரே நேரத்தில் வெளுத்தது. ஓரம் மட்டும் மெல்லிய சரிகை போல முறுகியது. தாச்சியைச் சாய்த்ததும் தானாகவே கோப்பைக்கு வழுக்கி வந்தது.

அலுமினியம் சூட்டை நன்றாகக் கடத்தும். ஆனால் தகடு மெல்லியதாக இருந்தால் சூடு பக்கவாட்டில் பரவ இடமில்லை, நெருப்புப் பட்ட இடத்திலேயே ஏறிவிடுகிறது. பூச்சு முதலில் சாவதும் அந்த இடத்தில்தான். பழைய தாச்சியைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் அடுப்பின் வட்ட அளவுக்கே கறுத்துப் போயிருக்கும்.

ஃபியூச்சுராவில் பூச்சுக்குக் கீழே இருப்பது ஹார்ட் அனடைஸ் செய்த அலுமினியம். மின்னைச் செலுத்தி அலுமினியத்தின் மேற்பரப்பையே தடித்த ஒக்சைட்டாக மாற்றுவார்கள். வெறும் அலுமினியத்தை விட அது பல மடங்கு கடினம். பிரெஸ்டீஜ் கம்பனியிலும் பல வரிசைகள் வருகின்றன. ஒரே பெயரில் தடித்ததும் உண்டு, மெல்லியதும் உண்டு. அதனால்தான் பெயரைச் சொல்லி இது நல்லது, அது கூடாது என்று எழுதத் தயங்குகிறேன். கையில் தூக்கிப் பாருங்கள்.

03.02.2024

ஒன்றை விட்டுவிட்டேன். அடுப்பால் இறக்கிய சூட்டோடு தாச்சியைப் பைப்புக்குக் கீழே நீட்டக்கூடாது. சர்ரென்று சத்தம் வரும், அடி வளையும். அதன் பிறகு எண்ணெய் எல்லாம் ஓரத்துக்கு ஓடி நடு காய்ந்து கிடக்கும். மெல்லியது அப்படித்தான் வளைந்தது. மேசையில் வைத்தால் பம்பரம் போலச் சுற்றுகிறது.

18.02.2024

சூடு எவ்வளவு தாங்கும் என்று முல்லைத்தீவுத் தம்பி கேட்டிருந்தார்.

பி.டி.எஃப்.ஈ.க்கு 260 பாகை செல்சியஸ் வரை பயமில்லை. 327இல் உருகும். 350 தாண்டினால் சிதைந்து புகை விடத் தொடங்கும். அந்தப் புகையை நிறையச் சுவாசித்தால் மனிதருக்குக் காய்ச்சல் போலக் குளிரும் உடல்நோவும் வரும், ஒன்றிரண்டு நாளில் தணியும். பறவைகள் தப்பாது. அவற்றின் நுரையீரல் அப்படி. குசினிக்குள் கிளிக்கூடு தொங்கவிடுகிறவர்கள், அடைக்கோழியைக் குசினி மூலையில் கடகத்தில் வைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

எங்கள் வீடுகளில் வெப்பமானி இல்லை. ஆனால் தேங்காயெண்ணெய் இருக்கிறது. வீட்டில் காய்ச்சிய எண்ணெய் 175 பாகைக்குக் கிட்டவே புகையத் தொடங்கிவிடும். ஆகவே தாச்சியில் எண்ணெய் விட்டுவிட்டு நிற்கிற வரை நெருப்பு எங்கே இருக்கிறது என்பதை எண்ணெயே சொல்லும். புகை கண்டால் தீயைக் குறைத்துவிடலாம், பூச்சுக்கு ஆபத்து வர இன்னும் தூரம் இருக்கும். ஆபத்தெல்லாம் வெறும் தாச்சியில்தான். அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனால், கேஸ் நெருப்பில் ஒரு சில நிமிடத்திலேயே அளவு தாண்டிவிடும். டெஃபால் தாச்சிகளின் நடுவில் சிவப்பு வட்டம் ஒன்று இருக்கும். அளவான சூடு வந்ததும் உள்ளே உள்ள கோலம் மறைந்து முழுச் சிவப்பாகிவிடும். புதிதாகச் சமைக்கப் பழகும் பிள்ளைகளுக்கு அது நல்ல உதவி.

புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசி மா வறுப்பதை நொன்ஸ்டிக்கில் செய்யாதீர்கள். எண்ணெயும் இல்லை, தண்ணீரும் இல்லை, அரை மணி நேரம் நெருப்பு. மிளகாய்த்தூளுக்குச் செத்தல் வறுப்பதும் அப்படியே. அதெல்லாம் இரும்புத் தாச்சியின் வேலை.

19.02.2024

“பி.எஃப்.ஓ.ஏ. இல்லை” என்று பெட்டியில் போட்டிருந்தால் டெஃப்லோன் இல்லை என்றுதானே பொருள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பி.எஃப்.ஓ.ஏ. என்பது அந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது முன்பு பயன்படுத்திய வேறொரு இரசாயனம். உடலிலும் மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் தங்குவதால் 2019இல், இப்படி அழியாத நச்சுகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்த்தார்கள். அது இல்லாமலே பி.டி.எஃப்.ஈ. செய்யலாம், இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். பூச்சே வேறாக வேண்டுமென்றால் பெட்டியில் பி.டி.எஃப்.ஈ. இல்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

உரிந்த துகள் வயிற்றுக்குள் போய்விட்டதே என்று பயப்படுகிற தாய்மாருக்கு: அது உடலோடு சேராது, அப்படியே வெளியேறிவிடும். ஆனாலும் உரியத் தொடங்கிய தாச்சியில் பிள்ளைக்குச் சமைக்க எனக்கு மனம் வராது.

25.02.2024

இது விண்வெளிக்காகக் கண்டுபிடித்தது என்று யாரோ எழுதியிருந்தார்கள். சந்திரனில் மனிதன் கால் வைத்தது 1969இல். டெஃப்லோன் 1938இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் டூபொன்ட் கம்பனியில் ரோய் பிளங்கட் என்பவர் குளிர்சாதனப் பெட்டிக்கான வாயுவைத் தேடிக்கொண்டிருந்தார். சிலிண்டர் ஒன்றுக்குள் வாயு வெள்ளைத் தூளாக இறுகிக் கிடந்தது. அதுதான் இது. பிரான்சில் மார்க் கிரெகுவார் என்பவர் அதைத் தன் தூண்டில் சாமான்களுக்குப் பூசிப் பார்த்திருக்கிறார். என் தாச்சிக்கும் பூசித் தாருங்கள் என்று கேட்டது அவருடைய மனைவி. டெஃபால் கம்பனி 1956இல் வந்தது. முல்லைத்தீவுத் தம்பிக்கு இது பிடிக்கும், மீன் பிடிக்கப் போன பூச்சு மீன் பொரிக்க வந்திருக்கிறது.

10.03.2024

அம்மம்மாவின் தோசைக்கல்.

2008 ஐப்பசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது உரல், அம்மி, பித்தளைக் குத்துவிளக்கு, இந்தக் கல் எல்லாவற்றையும் கிணற்றடியில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிடங்கைத் தோண்டினோம். கல் மேலெல்லாம் செந்துரு, கை வைத்தால் செதில் செதிலாக வந்தது. அம்மா சாம்பலும் மணலும் போட்டு இரண்டு நாள் தேய்த்தார். பிறகு அடுப்பில் காய வைத்து, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்ளுக்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெய் தொட்டுத் தொட்டு ஒற்றினார். புகை வரும், இறக்கி ஆற விடுவார், மறுபடி ஏற்றுவார். முதல் பத்துத் தோசையும் பிய்ந்து பிய்ந்து வந்தன, மாட்டுக்குப் போட்டோம். பதினோராவது வந்தது.

இதைக் கல்லைப் பழக்குவது என்போம். எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்பில் கறுப்புப் பளபளப்பாக ஒட்டிக்கொள்கிறது. அதுவும் ஒரு நொன்ஸ்டிக் பூச்சுத்தான். ஆனால் அதைக் கடையில் வாங்க வேண்டாம். போனால் மறுபடி வீட்டிலேயே போடலாம். எங்கள் தோசை மாவில் கோதுமை மாவும் கலக்கிறோம், மஞ்சளும் வெங்காயத் தாளிதமும் சேர்க்கிறோம். அது வெறும் அரிசி உளுந்து மாவை விட அதிகம் ஒட்டும். அதற்கே இந்தக் கல் சளைக்காது.

எனவே தங்கச்சி, தோசைக்கு நொன்ஸ்டிக் வேண்டாம். முட்டைக்கும் மீனுக்கும் மட்டும் பாருங்கள்.

11.03.2024

தோசைக்கு வேண்டாம் என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டேன். எங்கள் பெரியம்மா இன்று காலை பேசும்போது சொன்னார்: “உனக்குக் கையில் வலு இருக்கு, எனக்கு அந்தக் கல்லைத் தூக்க ஏலாது.” அவருக்கு எழுபத்திரண்டு வயது, தனியாக இருக்கிறார், காலையில் இரண்டு தோசை. அப்படியானவர்களுக்கு நொன்ஸ்டிக் தோசைத்தட்டுத்தான் சரி. ஃபியூச்சுராவில் 4.06 மி.மீ. தடிப்பில் தட்டையாக வருகிறது. இரும்புக்கல்லை விடப் பாரம் குறைவு, நல்லெண்ணெயும் துளிதான் போகும்.

02.06.2024

நீண்ட நாள் எழுதவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்த கிழமை வீடு நிறைய ஆட்கள். இரவு எட்டு மணிக்குக் கேஸ் முடிந்தது. 12.5 கிலோ சிலிண்டர், மாற்றுச் சிலிண்டர் எடுத்து வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு முட்டை பொரிக்க வேண்டும். அவசரத்தில் செராமிக்கை எடுத்து விறகடுப்பில் வைத்துவிட்டார்கள். நான் வெளியே பாய் விரித்துக்கொண்டிருந்தேன்.

அடுப்பில் இருந்தது வீரை விறகு. அது கொழுந்து விட்டு எரிந்தால் எத்தனை நூறு பாகை என்று சொல்லத் தேவையில்லை. சுவாலை தாச்சியின் அடியைத் தாண்டி மேலே ஏறிக் கைபிடியைச் சுற்றிப் பிடித்தது. கைபிடி பேக்லைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். பேக்லைட் உருகாது, கரியும். நான் வந்து பார்த்தபோது கைபிடியின் கீழ்ப்பக்கம் கரிக்கட்டை, குசினி முழுவதும் மூக்கைக் குத்தும் மணம். முட்டை நடுவில் ஒட்டிப் பிடித்திருந்தது.

செராமிக் என்றபடியால் டெஃப்லோன் புகை இல்லை, அந்தளவில் நிம்மதி. ஃபியூச்சுராவை எடுத்திருந்தால் மூலையில் அடைக்கு வைத்த கோழி என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அன்றிரவே மூன்று தாச்சியையும் விறகடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து, கேஸ் அடுப்புக்கு மேலே ஆணி அடித்து மாட்டினேன். 2022இல் கேஸ் இல்லாமல் எல்லோரும் விறகுக்குத் திரும்பியபோது எத்தனை வீட்டில் இப்படி நல்ல தாச்சி போயிருக்கும்!

விறகடுப்புக்கு மண்சட்டி, இரும்பு, வெறும் அலுமினியம். பூச்சுப் போட்ட எதுவும் வேண்டாம்.

14.07.2024

செராமிக் முடிந்துவிட்டது. வந்த புதிதில் மூன்றிலும் அதிகம் வழுக்கியது இதுதான், தண்ணீர்த்துளி பாதரசம் போல உருண்டோடும். ஏழு மாதத்தில் முட்டை பிடிக்கிறது, மீன் தோல் முழுவதும் அடியில் தங்குகிறது. கைபிடியைத் துணி சுற்றிப் பிடிக்கிறேன். செராமிக் சூட்டைக் கூடத் தாங்கும், ஆனால் வழுக்கல் டெஃப்லோனை விடக் கெதியாகப் போகும் என்று பலரும் சொல்வதுண்டு. என் குசினியிலும் அதுவே நடந்திருக்கிறது. விறகடுப்பில் வைத்த அந்த ஓர் இரவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இனி வாங்க மாட்டேன்.

21.09.2024

ஜூலையில் செராமிக் முடிந்துவிட்டது என்று எழுதியதைத் திருத்த வேண்டும். இந்த இழையில் நான் எழுதியவற்றில் எங்கள் ஊராருக்கு அதிகம் பயன்படப் போவது இதுதான் என்று நினைக்கிறேன்.

தேத்தண்ணீர்க் கேத்தலுக்குள் வெள்ளைக் கல் படிந்திருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினம். கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு தங்கும், சவர்க்காரம் நுரைக்காது. வன்னியில் பல கிணறுகள் இப்படித்தான். கேத்தலுக்குத் தேசிக்காய் பிழிந்து கொதிக்க வைக்கும்போது பக்கத்தில் கிடந்த செராமிக்கைப் பார்த்தேன். அதிலும் அதே சாம்பல் நிற மங்கல். நகத்தால் சுரண்டினால் மாவு போல வந்தது.

தாச்சிக்குள் இரண்டு கோப்பை தண்ணீர், இரண்டு தேசிக்காயின் சாறு. பத்து நிமிடம் மெல்லக் கொதித்தது. நுண்ணிய குமிழ் கிளம்பி, தண்ணீர் பால் போலக் கலங்கியது. கழுவிவிட்டு, மஞ்சளாகப் பிசுபிசுத்த இடங்களுக்கு அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, ஒரு மணி நேரம் விட்டுத் துணியால் துடைத்தேன். அடியில் கருகிய எண்ணெய்ப் படலம் பழுப்பாகத் துணியில் ஏறியது. கீழே வெள்ளை தெரிந்தது.

முட்டை ஊற்றினேன். முன்பு போல ஓடவில்லை, ஆனால் தட்டகப்பையை ஒருமுறை கொடுத்ததும் முழுதாகக் கிளம்பியது. பூச்சு சாகவில்லை. அதன் மேல் சுண்ணாம்பும் கருகிய எண்ணெயும் படலமாக மூடியிருந்திருக்கிறது. விறகடுப்பில் வைத்த நடுப்பகுதி மட்டும் இன்னும் பிடிக்கிறது, அது திரும்பாது.

சந்தைத் தாச்சியிலும் முயன்றேன். பலன் இல்லை, அதில் பூச்சே உரிந்து அலுமினியம் தெரிகிறது. அப்படித் தெரிந்தால் புளியோ தேசிக்காயோ விட வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும்.

இப்போது கழுவியதும் ஈரத்தோடு கவிழ்க்காமல் துணியால் துடைத்துவிடுகிறேன். தண்ணீர் காய்ந்தால்தானே சுண்ணாம்பு தங்கும். பொச்சும் சாம்பலும் இவற்றின் பக்கத்தில் வரக்கூடாது. சாம்பலில் எப்போதும் மணல் இருக்கும்.

22.09.2024

மாமி சொன்ன ஆறு மாதக் கணக்கில் எத்தனை தாச்சி இந்தத் தண்ணீரால் கைவிடப்பட்டவை என்று இரவு முழுவதும் யோசித்தேன். தூக்கி எறியுமுன் ஒருமுறை தேசிக்காய் வைத்துப் பாருங்கள்.

தங்கச்சி கடைசியாகக் கேட்டதற்குப் பதில்: ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் 24 அல்லது 26 செ.மீ., 3 மி.மீ.க்குக் குறையாத தகடு, பி.டி.எஃப்.ஈ. பூச்சு. கூடவே ஒரு மரத் தட்டகப்பை. இண்டக்ஷன் அடுப்பு வாங்கும் எண்ணம் இருந்தால் கடைக்கு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். அடியில் ஒட்டாவிட்டால் அந்த அடுப்பில் சூடாகாது, அலுமினியத்தின் அடியில் உருக்குத் தகடு பதித்ததுதான் வேண்டும். மீன் பொரிக்கும்போது உப்பு மஞ்சள் பூசிய துண்டை நன்றாக ஈரம் ஒற்றிவிட்டுப் போடுங்கள். போட்டதும் கிண்டாமல் விடுங்கள், தோல் முறுகியதும் தானாகவே விட்டுவிடும்.

23.09.2024

மூடி சேர்த்து விற்கிறார்கள், வாங்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். வீட்டில் இருக்கும் சோற்றுப்பானை மூடியைக் கொண்டுபோய்க் கடையில் பொருத்திப் பார்த்துத் தாச்சியை எடுங்கள். எனக்கு 26க்கு அப்படித்தான் பொருந்தியது.